கையை இறக்கும்வரை

கல்கத்தாத் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் வருஷக்கணக்காக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த என்னை, பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் இனி வண்டியில் ஏறலாம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சியில் முதல் விதியே இதுதான்: எதிரே யார் உள்ளங்கையைக் காட்டினாலும் நிறுத்த வேண்டும், கை இறங்கும்வரை அசையக் கூடாது.

வீட்டில் மனைவியிடம் பொருமினேன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தெருக்குழாயிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரோடு நான் வரும்போது வாசலில் நின்று உள்ளங்கையைக் காட்டுவாள்.

“கை வலிக்குடி.”

“வலிக்கட்டும். நான் கையை இறக்கினேனா? அசைஞ்சா ஃபெயிலுதான்!”

சிரிப்பை அடக்க முடியாமல் போகும்போதுதான் அவள் கை இறங்கும்.

பரீட்சையில் தேறினேன். அந்த வருஷமே, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசிய மகளை ஊர்ப் பள்ளியில் சேர்க்க இருவரையும் அனுப்பவேண்டி வந்தது. ஹவுராவில் மெட்ராஸ் ரயில் நகர்ந்ததும் ஜன்னலை ஒட்டி நடந்தேன். வேகம் கூடக்கூட ஓடினேன். மனைவி பதறி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். சட்டென்று நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு தனியாக இருந்த வருஷங்களில், வாளிகளோடு வரும்போதெல்லாம் என் கால் வாசலில் தானாக நின்றுவிடும். அந்தக் கை இறங்கியதை நான் பார்க்கவே இல்லையே.