எங்கள் பேண்டின் மேல் மெட்டு

எங்க பேண்டுல ரெண்டு லீட் கிட்டார். ஒண்ணு நான், இன்னொண்ணு அவன். டிரம்ஸுக்கு ஒருத்தன், பேஸுக்கு ஒருத்தன். எழுபதுகள்ல அமெரிக்காவோட தெக்குப் பக்கத்து ராக்க வாசிச்சே தீருவோம்னு பாண்டிச்சேரியில அலைஞ்ச கிறுக்கனுங்க நாங்க நாலு பேருதான். அந்த இன்னொரு லீட் கிட்டார்காரனோட அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். அவரு பிரான்ஸ்லேர்ந்து கொண்டாந்த கேசட்டுதான் எங்களுக்கு வேதம்.

அந்த ராக்ல ரெண்டு கிட்டாரும் ஒரே மெட்ட, ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயுமா, சேந்தே ஓட்டணும். மேல் மெட்டு அவனுது, கீழ் மெட்டு என்னுது. என்னுத மட்டும் தனியா கேட்டா, ஐயோ, காது கேக்காதவன் வாசிக்கிற மாதிரியே இருக்கும். லாஸ்பேட்டையில பேஸ்காரன் வீட்டு மாடியில தினம் சாயங்காலம் வாசிப்போம். அவன் பக்கத்துல இருந்தா எனக்குத் தப்பே வராது.

பிரெஞ்சு நேஷனாலிட்டி வீட்டுப் பையன்னா வயசு வந்ததும் அந்த ஊரு பட்டாளத்துக்குப் போயாகணும். அவனுக்கும் அழைப்பு வந்துச்சு. நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? பிரியாணி போட்டுக் கொண்டாடினோம்! அவன் போயி எங்களையும் கூப்பிட்டுக்குவானாம், பாரிஸ்ல வாசிப்போமாம். எங்க மூணு பேரோட அப்பாவும், பாண்டிச்சேரி இந்தியாவோட சேந்தப்ப, பிரெஞ்சு நேஷனாலிட்டி வேணும்னு எழுதிக் குடுக்காம சும்மா இருந்துட்டவங்க. எங்களுக்கு அங்க கதவே கிடையாதுன்னு தின்னு முடிக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் உறைக்கல.

பஸ் ஸ்டாண்டுல என் கையப் புடிச்சிக்கிட்டு, "நான் வர்ற வரைக்கும் வேற ஆள சேக்காதீங்கடா"ன்னு அழுதான். எனக்கும் அழுகை. என்ன பண்ண முடியும்? பிரெஞ்சு சர்க்கார்கிட்ட போயி, இவன் எங்க மேல் மெட்டு, விட்டுடுங்கன்னு கேக்கவா முடியும்?

வேற ஆள சேக்கல. நல்ல நல்ல பசங்க வந்து கேட்டாங்க, திருப்பி அனுப்பிட்டோம். அவனோ பட்டாளத்துலயே தங்கிட்டான். மேல் மெட்டு இல்லாத எங்கள கல்யாணம், கச்சேரின்னு கூப்பிடறது கொறஞ்சி, கடைசியில நின்னே போச்சு. "வராதவனுக்கு எதுக்குடா காவல்?"னு டிரம்ஸ்காரன் கத்துவான். வந்துடுவான்னு நான் மல்லுக்கு நிப்பேன்.

எண்பதுகள்ல வந்தான், கல்யாணத்துக்கு. பிரான்ஸ் மாப்ளன்னா நம்ம ஊர்ல பொண்ணு குடுக்க போட்டி இல்லியா? சர்ச் முடிஞ்சி மத்தியானம் விருந்து. நாங்க மூணு பேரும் அந்த பழைய பாட்டுக்கு சுதி சேத்து, அவனுக்குன்னு ஒரு கிட்டார் இரவல் வாங்கி மேடையில சாத்தி வெச்சிருந்தோம்.

கோட்டு சூட்டோட மேடைக்கிட்ட வந்தான். கிட்டாரப் பாத்தான். "அதெல்லாம் எதுக்குடா இப்ப? சினிமா பாட்டு வாசிங்க, ஜனங்க ஆடட்டும்"ன்னான்.

கல்யாண மாப்ளகிட்ட என்னான்னு சண்ட போடறது? சினிமா பாட்டே வாசிச்சோம். கூட்டமே ஆடுச்சு, அவனும் ஆடினான்.

முடிஞ்சதும் வந்து என் முதுகுல தட்டி, "இப்பதான்டா நல்லா வாசிக்கறீங்க"ன்னு சொல்லிட்டு பொண்ணோட சாப்பிடப் போனான்.