தொட்டில் கொக்கியில் தொங்கிய தோல்பைகள்

அத்தானுடைய மோட்டார் சைக்கிள் பைகள் இரண்டும் கண்ணை மூடினால் இன்றைக்கும் எனக்குத் தெரிகின்றன. காப்பிக்கொட்டை நிறத் தோல், பித்தளைக் கொக்கி, கழற்றி மாட்டும் வார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வண்டியோடு கொடுத்துவிட்டுப் போனவை. அத்தானுக்கு ரோடு போடும் இலாகாவில் ஓவர்சியர் வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வேறு எவரிடமும் மோட்டார் சைக்கிள் கிடையாது. அந்தத் திமிர் அவர் நடையிலேயே இருக்கும். அக்காவின் தலைப்பிரசவத்துக்குக்கூட, "எனக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்று கேட்டு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். அதனால்தான் அம்மா என்னைக் கிள்ளானிலிருந்து ஒத்தாசைக்கு அனுப்பினாள்.

குழந்தை பிறந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் தோல் பூசணம் பூக்கும் என்று அத்தான் பைகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளுக்கு நடக்காத பத்தியமெல்லாம் அந்தப் பைகளுக்கு நடந்தது. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தையலில் மெழுகு தேய்த்தார். வார்களைத் தளர்த்திவிட்டு, பித்தளை தோலைக் கீறாதபடி துணி சுற்றினார். பை சப்பிப் போகாமலிருக்க உள்ளே எதையாவது அடைக்க வேண்டும். பழைய கந்தல் போதும் என்றுதான் செருப்பு, சப்பாத்து தைக்கும் சீனர் சொல்லியிருந்தார். இவருக்கு அது ஆகவில்லை. கோணி கீறுமாம், காகிதத்து மை ஒட்டுமாம். பிள்ளைக்கென்று அம்மா துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிக் கொடுத்தனுப்பிய பழைய நூல்சேலைகள் அத்தனையையும் மடித்துப் பைக்குள் திணித்தார். பிறகு எங்கே மாட்டினார் தெரியுமா? அடுப்புச் சூடு எட்டும் உத்தரத்தில், தொட்டில் கட்டுவதற்கென்றே அடித்திருந்த கொக்கியில். அந்த வீட்டில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

குழந்தை தரையில் பாயில் கிடந்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஈரத்தை எடுத்துவிட்டு வேறு ஈரத்தை விரித்தோம். "அத்தான், ரெண்டு சேலை மட்டும் எடுத்துக் கொடுங்க, புள்ள நடுங்குது," என்று நான் கேட்டேன்.

"எடுத்தா பை ஒரு பக்கமா சரிஞ்சிடும்லா. துணியா இல்ல வீட்டுல? அடுப்புல காட்டி காய வை."

ஒரு பகல் அவர் காப்பார் பக்கம் வேலைக்குப் போயிருந்தபோது நானே ஒரு சேலையை உருவிவிட்டேன். திரும்பி வந்ததும் வழக்கம்போல் பையை அமுக்கிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார். "நான்தான் எடுத்தேன்" என்று கத்தினேன். என்னைத் தொடவில்லை. பச்சை உடம்புக்காரியை அறைந்தார். "இனிமே எடுக்காதடி, என்னால தாங்க முடியாது," என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எடுக்கவில்லை. படுபாவி, அவளை அடித்தே என் கையைக் கட்டிப்போட்டான்.

குழந்தைக்குச் சளி கட்டியது. மூச்சு இழுத்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க தம்பி, அந்த வண்டிய எடுங்க," என்று அலறினாள். மழை விடட்டும் என்றார் அத்தான். மழை விடுவதற்குள் குழந்தை போய்விட்டது.

சுற்றி எடுத்துப் போக உலர்ந்த துணி வேண்டுமென்று ஆண்கள் கேட்டார்கள். அப்போதுதான் அவர் பையைத் திறந்தார். ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தார். குழந்தை ஜம்மென்று காய்ந்த துணியில் போனது.

எல்லோரும் இடுகாட்டுக்குப் புறப்படும் நேரத்தில் அவர் மட்டும் பின்தங்கினார். பையை அமுக்கிப் பார்த்தார், சற்றுத் தளர்ந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்து, கொடியில் கிடந்த குழந்தையின் சட்டைகளை எடுத்தார். இனி யாருக்கும் வேண்டாதவைதானே! அடுப்புத் தணலில் காட்டி நன்றாக உலர்த்தினார். ஒவ்வொன்றாக உள்ளே திணித்து வாரை இழுத்து மாட்டினார்.

"ம், இப்ப சரியா நிக்குது," என்றார்.

பால் கட்டிய மார்பை ஈரத்துணியால் அழுத்திக்கொண்டு, அக்கா அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.