மெதுவாக இறங்கிய ஜாக்கி

ஒன்றையும் தூக்காத ஜாக்கி எவ்வளவு அழகாக மேலே ஏறும் என்பதை நான் திருப்பதியில் ஒரு கடையில் பார்த்தேன். கீழே சக்கரம் வைத்த, எண்ணெயில் இயங்கும் பெரிய ஜாக்கி. சிவப்புப் பெயிண்ட் முகம் பார்க்கலாம் போல மின்னியது. என் அத்தையின் கணவர், அதாவது மாமா, அதன் நீளக் கைப்பிடியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அது வெறும் காற்றைச் சுமந்துகொண்டு மேலே வந்தது. அன்று காலைதான் திருமலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கியிருந்தார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, ஜாக்கியையே தான்தான் கண்டுபிடித்தவர் போல என்னையும், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவையும் திரும்பிப் பார்த்தார்.

“எப்பிடி ஏறுது பாத்தியாடா! வெண்ணெ மாதிரி!”

கடைக்காரர் “சாலா பாகுந்தி சார்” என்று தெலுங்கில் ஒத்து ஊதினார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத காலம். ஏறுவது பெரிதில்லை மாமா, ஏறின இடத்தில் நிற்க வேண்டும். வாசலில் நிற்கிற உங்கள் காரையே தூக்கி வைத்துவிட்டு ஒரு காபி குடித்து வருவோம், திரும்பும்போது அதே உயரத்தில் இருந்தால் வாங்கலாம் என்றேன். தூக்கும் தண்டின் அடியில் எண்ணெய் கசிந்திருப்பதையும் காட்டினேன். மாமா அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“இது புது எண்ணெடா. கம்பெனியிலயே தடவி அனுப்பறான். இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலியா? சாமி பாத்துட்டு வந்து வாங்கற சாமான் கெட்டுப்பூடாது.”

காரைத் தூக்கிய பிறகு அதன் எடையை இறக்கி வைக்க இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். அவற்றின் மேல் கார் உட்கார்ந்த பிறகுதான் மனிதன் அடியில் போக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். மாமா ஸ்டாண்டுகளைக் காலால் ஒதுக்கினார். “ஜாக்கி இருக்கச்சொல்ல ஸ்டாண்டு எதுக்கு? கட்டில் மேல கட்டில் போட்டா படுப்பாங்க?” அந்த உவமைக்கு முதலில் அவரே சிரித்தார். அடுத்ததாக நைனா சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இரண்டாவது சிரிப்பில்தான். நைனா முட்டாள் இல்லை. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லாரிகளோடு புழங்கியவர். எந்தப் பாரம் எங்கே சாயும் என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். ஆனால் மாமா அவருடைய அக்காவின் புருஷன். பெண் எடுத்தவர் சொன்னால் பெண் கொடுத்த வீடு தலையாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோபமெல்லாம் அத்தையின் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழும். இப்படித் தலையாட்டித் தலையாட்டியே அந்த மனிதரை நாங்கள் மேதையாக்கி வைத்திருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் மாமா வீட்டு முற்றத்தில், ஸ்டாண்டு இல்லாமல் வாங்கிவந்த அந்த ஜாக்கியின் மேல் கார் ஏறியது. பின்பக்கச் சக்கரம் ஒன்றைக் கழற்றினோம். கடகடத்த சைலன்சரை முடுக்கக் கீழே யாராவது படுக்க வேண்டும். மாமா தன் சலவை வேட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார். அவ்வளவுதான், நைனா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார். மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே நான் தள்ளினேன்.

“அது என்னாடா, காருக்குத் தலகாணியா?” என்றார் மாமா.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜாக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சட்டத்துக்கும் டயருக்கும் நடுவிலிருந்த வெளிச்சம் குறைவதைத்தான் நான் பார்த்தேன். “நைனா, வெளியே வா!” என்று கத்தினேன். ரப்பர் முனகியது. கார் டயர்களின் மேல் உட்கார்ந்து நின்றது. நைனா மூக்குச் சிராய்த்து, சட்டை கிழிந்து, பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தார். மோர் கொண்டுவந்த அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஜாக்கியைத் தட்டிக் கொடுத்தார். “பாத்தியா, எவ்ளோ மெதுவா எறங்குச்சி! மட்டமான சரக்கா இருந்தா தடால்னு உழுந்திருக்கும்.”

நைனா முதுகில் மண்ணோடு, “ஆமா மாமா, நல்ல சரக்குதான்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் கணுக்காலைப் பிடித்து அழுத்தினாள். அன்றைக்கு நான் பேசாததற்கு அந்தக் கை மட்டும்தான் காரணம்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. பழையதுதான் என்றாலும் ஒரு காரும் இருக்கிறது. ஜாக்கி வாங்கும்போது கடைக்காரரின் வேனையே தூக்கி வைக்கச் சொல்லி, அவர் முகம் சுளிக்கும்வரை காத்திருந்து, இம்மியும் இறங்காததைப் பார்த்து வாங்கினேன். ஸ்டாண்டுகளும் வாங்கினேன். போன வாரம் மாமா வந்தார். அவருடைய நல்ல சரக்கு எண்ணெயெல்லாம் கக்கிவிட்டதாம்.

“ஜாக்கிய மட்டும் குடுடா, அந்த முக்காலியெல்லாம் வேணாம். உங்க நைனாவையும் இட்டுக்கினு போறேன், கீழ கொஞ்சம் வேல கீது.”

“ஜாக்கி தரேன் மாமா. ஸ்டாண்டு வேணாம்னா கீழ நீங்களே படுத்துக்கோங்க.”

நைனா என்னை அதட்ட வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய் ஸ்டாண்டுகள் இரண்டையும் தூக்கிவந்து மாமாவின் கார் டிக்கியில் வைத்தார்.

“எடுத்துக்கினு போலாம் மாமா. இது இல்லாம நான் படுக்கமாட்டேன்.”

மாமா டிக்கியை மூடினார். கொஞ்சம் சத்தமாகத்தான் மூடினார்.