ஞாயிற்றுக்கிழமைப் பாவு

இளம்பிள்ளை நெசவுத் தெருவில் சண்முகவேலாகப் பிறந்தவர், முப்பது வயதில் ஞானஸ்நானம் பெற்றுச் சத்தியநாதன் ஆனார். 1933ஆம் வருஷம் அது. சாதிசனம் ஒதுக்கி வைத்தது. மாமனார் வாசலோடு நின்றுகொண்டார். அடுத்த வீட்டில் இருந்த அண்ணன் செங்கோட்டையன் மட்டும், "அவன் எந்தச் சாமியக் கும்புட்டா என்னங்க? என்ற தம்பி இல்லீன்னு ஆயிருமா?" என்று கேட்டு ஊர் வாயை அடைத்தார்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வேகம் உண்டு. சத்தியநாதனுக்கு அது கொஞ்சம் கூடுதல். ஞாயிறன்று தறிப்பக்கமே போகமாட்டார். யாராவது ஒரு நூல்கண்டை எடுத்துத் தரச் சொன்னால்கூடக் கையைக் கட்டிக்கொள்வார். கர்த்தரே இறங்கி வந்து, போதுமப்பா என்றிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். நெய்வதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். மழை பட்டால் இழையோடு இழை ஒட்டிப் பாவே பாழ். அதனால் தூறல் விழுந்ததும், பகையாளியின் பாவானாலும் பக்கத்தில் நிற்பவன் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட வேண்டும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை, வெள்ளைச் சட்டையும் வேதப்புத்தகமுமாகச் சத்தியநாதன் கோயிலுக்குப் புறப்பட்டார். தூறல் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் தங்கள் பாவுக்கு ஓட, செங்கோட்டையன் தனியாகத் தவித்தார்.

"தம்பி, அந்த முனையப் புடிடா!"

"இன்னைக்கு ஓய்வுநாளுங்கண்ணா. வேலையத் தொடக்கூடாதுங்க."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் ஆடியது. அதை அடக்கிக்கொண்டு, அடக்கியதே பக்தி என்று நினைத்து, குடையை விரித்து நடந்தார். பாவு போயிற்று. அண்ணன் சண்டைக்கு வரவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு சத்தியநாதனுக்கு ஜெபம் கூடவில்லை. முழங்காலில் நின்றால் வாய் பேசும், மனசு சும்மா கிடக்கும். இத்தனை நாள் பக்கத்தில் இருந்த கர்த்தர் எழுந்து போய்விட்டது போலிருந்தது. பயமாகக்கூட இருந்தது. வெற்றிலையை விட்டார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார். மாரியம்மன் கோயில் மேளம்தான் இடைஞ்சல் என்று சன்னலைச் சாத்தினார். கண்ணை மூடினால் அண்ணன் முகம்தான் வரும். சாத்தான் வேலை என்று இன்னும் இறுக்கி மூடிக்கொள்வார்.

அடுத்த ஐப்பசியில், திருவிருந்து ஞாயிறு; கோயிலில் அப்பம் பிட்டுக் கொடுக்கும் நாள். அதே வெள்ளைச் சட்டையோடு அவர் வாசலுக்கு வந்தபோது வானம் கறுத்துத் தூறியது. தெருவில் அண்ணனின் பாவு. அண்ணன் தம்பியைப் பார்த்தார், கூப்பிடவில்லை. "நீ அந்தப் பக்கம் போ" என்று மனைவி பெரியநாயகியை ஏவினார். இடுப்புவலிக்காரி, தடுமாறிக்கொண்டு ஓடினாள்.

அண்ணன் கூப்பிடாததைச் சத்தியநாதனால் தாங்க முடியவில்லை. புத்தகத்தை வாசற்படியில் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார்.

"தள்ளுங்க அண்ணி."

முனையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே வந்து அண்ணன் எதிரில் நின்றார். "போன வருசம் தப்பு எம்மேலதானுங்கண்ணா."

"பேச்சு அப்பறம். இழை சிக்கப்போவுது, பாத்துப் புடி" என்றார் அண்ணன். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது.

பாவை உள்ளே சேர்த்ததும் மழை கொட்டியது. அப்போதுதான் சத்தியநாதனுக்குப் புத்தகத்தின் நினைவு வந்தது. அவர் திரும்புவதற்குள் செங்கோட்டையன் மழையில் இறங்கியிருந்தார். தோள் துண்டில் புத்தகத்தைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"சாமி பொஸ்தகத்த இப்படியாடா போட்டுட்டு வருவ?" என்று திட்டினார்.

கோயிலில் இந்நேரம் அப்பம் பிட்டிருப்பார்கள். கையெல்லாம் கஞ்சிப் பிசுக்கோடு சத்தியநாதன் அண்ணன் வீட்டுத் தறியோரம் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் எழுந்து போனவர் திரும்பி வந்து பக்கத்தில் இருந்தார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அட, என்ன சாமி இது" என்று அண்ணன் அந்த ஈரத் துண்டையே நீட்டினார்.