எத்தனை பீப்?

எங்கள் வீட்டுக் கணினியை ஊமை என்று முடிவுகட்டியவன் நான்தான். காலையில் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. வீட்டிலிருந்தபடி நான் செய்யும் தட்டச்சு வேலை அத்தனையும் அதற்குள் கிடந்தது.

அந்த வாரமே எனக்குச் சரியில்லை. பெருமாள் கோயிலில் நாங்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து பாசுரம் சேவிப்போம். ஒரு வரிசை இரண்டடி சொல்லி நிறுத்தினால், எதிர் வரிசை அடுத்த இரண்டடியை எடுக்க வேண்டும். மீசை முளைக்காத வயதிலிருந்து எனக்கு அங்கே இடம் உண்டு. கொஞ்ச நாளாக எதிர் வரிசைக்காரர்கள் வாய்க்குள்ளேயே முனகினார்கள். எங்கே முடிக்கிறார்கள் என்று தெரியாமல் நான் முந்திக்கொள்ள, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போதாக்குறைக்கு, பக்கத்தில் உட்காருகிறவர் எங்கள் முறை வரும்போதெல்லாம் என் முழங்காலைத் தட்ட ஆரம்பித்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல், "தாளம் போட என் முழங்கால்தான் கிடைச்சுதா, ஸ்வாமி?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் இது. மனைவியின் தம்பி வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் செய்தேன். கணினி இருக்கும் உள்ளறையில் சிக்னல் கிடைக்காது. கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டு, உள்ளே போய்ச் செய்துவிட்டு, மறுபடி கூடத்துக்கு வந்து சொல்ல வேண்டும்.

"ஆன் பண்ணினதும் பீப் பீப்னு கத்தறதா, அத்திம்பேர்? எத்தனை பீப்னு எண்ணிச் சொல்லுங்கோ. அதை வெச்சுத்தான் எங்க கோளாறுன்னு தெரியும்."

போய்ப் பார்த்தேன். கத்தவில்லை.

"அப்போ மூடியைக் கழட்டி ரேமை வெளியே எடுத்துடுங்கோ. ரேம் இல்லாம ஆன் பண்ணினா கட்டாயம் கத்தும். அப்பவும் கத்தலைன்னா போர்டே போயிடுத்துன்னு அர்த்தம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். ரேம் என்பது சீப்பு மாதிரி நீளமான ஒரு பச்சை அட்டை. இரண்டு பக்கக் கொக்கியையும் தள்ளி அதை எடுத்தேன். மறுபடி பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, அவ்வளவுதான். போர்டு போய்விட்டது. வந்த கோபத்தில் பெட்டியின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என்ன பண்ணிண்டிருக்கேள்? முதல்ல அதை நிறுத்துங்கோ. காதைத் துளைக்கறது."

"எது?"

"எதுவா? இதோ, கீச் கீச்சுன்னு கத்தறதே!"

கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். என்னைக் கேலி செய்வதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் தரையில் மண்டியிட்டு, திறந்த பெட்டியருகே காதை வைத்தேன். விசிறியின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஒரு விரலைத் தூக்கினாள், மடக்கினாள். மறுபடி தூக்கினாள். அது கத்தக் கத்த அவள் விரல் எழுந்து எழுந்து தாழ்ந்தது. 

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டிவியை நீங்க அலற விடறச்சேயே நினைச்சேன். சொன்னா கோவிச்சுப்பேள்."

கோபித்துத்தான் இருப்பேன்.

நான் பெட்டியருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளே போய்த் தம்பியிடம் பேசிவிட்டு வந்தாள். போர்டு நன்றாக இருக்கிறதாம். ரேமின் பித்தளை நிறப் பற்களை அழி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருக வேண்டுமாம். ஒரே ஒரு பீப் வந்தால் எல்லாம் சரியாம். தேய்த்தேன், சொருகினேன். பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். ஒரு விரல் எழுந்தது. அதோடு நின்றது. திரையில் வெளிச்சம் வந்தது.

எனக்குத் துளியும் சந்தோஷம் வரவில்லை. எதிர் வரிசையில் யாரும் முனகவில்லை என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காது கேளாதவனுக்குப் பாசுரக் கோஷ்டியில் என்ன இடம்? அந்த இடமும் போனால் நான் சாயங்காலங்களில் எங்கே போவேன்? வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிர் வரிசை ஆரம்பித்தது. அவர்கள் உதடுகளையே பார்த்தேன். ஒருவர் வாயை மூடினால் இன்னொருவர் வாய் அசைந்தது. முடித்துவிட்டார்களா, மூச்சு வாங்குகிறார்களா, ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்தவரின் கை அவர் மடியிலேயே இருந்தது. நான் கேட்ட கேள்விக்குப் பிறகு அது எப்படி வரும்?

அந்தக் கையை எடுத்து என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்ததும் தட்டினார்.