பச்சை ஒளி பட்ட கண்

காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் மொட்டை மாடியில்தான் எங்கள் தொலைநோக்கி இருந்தது. மேலே திறந்து மூடும் கூண்டு, கீழ்த் தளத்தில் கணினிகள் வைத்த கட்டுப்பாட்டு அறை. செயற்கைக்கோள்களின் உடம்பில் பதித்திருக்கும் கண்ணாடிகளைக் குறிவைத்து லேசர் துடிப்புகளை அனுப்புவோம். துடிப்பு பட்டுத் திரும்பி வர ஆகும் நேரத்தை அளந்தால் செயற்கைக்கோள் இருக்கும் தூரம் தெரியும். உலகத்தில் பல ஊர்களிலிருந்து இப்படி அளந்துதான் கடல் எவ்வளவு உயர்கிறது, நிலம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்கிறார்கள். எங்களுடையது சின்னக் கருவி, வெறும் சோதனை முயற்சி. நான் அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் அனுப்பிய ஒளியில் ஒரு துளிகூடத் திரும்பி வந்ததில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகம் பாதி நாளைத் தின்றுவிடும். மீதி நாளைக் கருவியின் கோளாறுகள் தின்றுவிடும்.

நாங்கள் மூன்று பேர். திட்டத்தின் பொறுப்பு எங்கள் பேராசிரியையிடம் இருந்தது. லேசரைப் பார்த்துக்கொண்டவர் கோட்டைமேட்டைச் சேர்ந்த ஒரு பொறியாளர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வரும்போது எனக்கும் சேர்த்துச் சமோசா வாங்கி வருவார். லேசர் சரியாக எரிந்தால் அவர் முகம் மலரும், அடம்பிடித்தால் அன்றைக்கு யாரோடும் பேச மாட்டார்.

அன்று மத்தியானம் வானம் தெளிவாக இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடியைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்ததால் அதை முடுக்க நான் கூண்டுக்குள் போனேன். லேசர் அணைந்திருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தேன். கூண்டின் கதவு திறந்திருந்தால் லேசர் எரியாது, கதவில் அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அதை நம்பித்தான் எல்லோரும் உள்ளே போய் வந்தோம்.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில், கீழே கட்டுப்பாட்டு அறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "தங்கச்சி, போடட்டுங்களா?"

"போடாதீங்க அண்ணா, இன்னும் உள்ளதான் இருக்கறேன்" என்றேன். சொல்லும்போதே வாக்கிடாக்கி கரகரத்து ஒலி அறுந்தது.

குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். தலைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வலியே இல்லை. ஒரு பச்சை வெளிச்சம், அதற்குப் பின்னால் வலது கண்ணில் காவி நிறத்தில் ஏதோ கசிந்து பரவியது. சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியைப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் தெரிந்தது, பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. நான் கத்தியதாகப் பிறகு அவர் சொன்னார். எனக்கு நினைவில்லை.

அவர்தான் கல்லூரிக் காரை எடுத்து என்னை நகரத்துக்குக் கொண்டுபோனார். மேட்டுப்பாளையம் சாலையில் லாரிகள் நின்று நின்று நகர்ந்தன. துடியலூர் தாண்டும்வரை அவர் கண் சாலையிலேயே இருந்தது. பிறகு, "நீங்க போடுங்கன்னு சொன்னீங்களேம்மா" என்றார். கேள்வியாகவும் இல்லை, குற்றச்சாட்டாகவும் இல்லை.

கண் மருத்துவமனையில் மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். "பார்வைக்கு நடுவுல இருக்கற இடத்துல ஓட்டை விழுந்திருக்குதுங்க. ஓரத்துப் பார்வை இருக்கும். நடுப் பார்வை எவ்வளவு மிஞ்சும்னு ஆபரேஷனுக்குப் பொறகுதான் சொல்ல முடியும்" என்றார். வெளியே வந்தபோது என் கணவர் தன் பட்டறையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். கணபதியில் மோட்டார் பம்புக்கு லேத்தில் உதிரிபாகம் கடையும் பட்டறை, கைகளில் எண்ணெய் அப்படியே இருந்தது. என் முகத்தைப் பிடிக்க வந்து, கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு அடைத்தார்கள். அந்த வாயு மேலே எழும்பி ஓட்டையை அழுத்தவேண்டும் என்பதால் பகலும் இரவும் குப்புறக் கிடக்கச் சொன்னார்கள். தாராபுரத்திலிருந்து வந்த அம்மா, கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகத் தட்டை வைத்து ஊட்டினாள். "இன்னொரு வாய் வாங்கு அம்மணி" என்பாள். அழுவது எனக்குத் தெரியக்கூடாது என்று அவள் நினைத்தாள். ஆனால் எனக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் அந்தத் தரையும் அவள் முகமும்தான்.

அப்படிக் கிடந்த ஒரு நாள் பேராசிரியை அழைத்தார். அம்மா கைப்பேசியைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துடுச்சும்மா! எக்கோ வந்துடுச்சு. திரையில கோடு மாதிரி, சுத்தமா வருது."

செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் அந்த ஒளிக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. யார் லேசரை இயக்கியது என்று கேட்டேன். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருப்பதாகச் சொன்னார். அண்ணனைக் கல்லூரி வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவுச் சுவிட்ச் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் சரி பண்ணிட்டாங்க. நீ ரெஸ்ட் எடு" என்று வைத்துவிட்டார்.

சரி பண்ணிவிட்டார்கள் என்றால் அது சரியாக இல்லை என்றுதானே அர்த்தம். பிறகு கல்லூரி எலக்ட்ரீஷியனே என் கணவரிடம் சொன்னார். விபத்துக்கு முந்தின வாரம் பெரிய ஆட்கள் சிலர் கருவியைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் உள்ளே வந்து போகும்போதெல்லாம் லேசர் அணைந்து, மறுபடி சூடேற நேரம் பிடித்ததால், நிர்வாகத்திலிருந்து சொல்லி, கதவு திறந்தாலும் லேசர் அணையாதபடி சுவிட்சை ஒயர் போட்டுக் கட்டிவிட்டார்கள். அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டியது எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

கல்லூரி நடத்திய விசாரணைக்கு நான் கண்ணில் கட்டோடு போனேன். உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு கண்ணு. திட்டம் மூடிப்போச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது."

உள்ளே ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "போடுங்கன்னீங்களா, போடாதீங்கன்னீங்களா?"

"போடாதீங்கன்னுதான் சொன்னேன். நடுவுல விட்டுவிட்டுக் கேட்டிருக்கும். அவருக்குப் போடுங்கன்னு காதுல விழுந்திருக்கும். ஆனா நான் என்ன சொல்லியிருந்தாலும், கதவு திறந்திருக்கறப்ப அது எரிஞ்சிருக்கக் கூடாதுங்க. அதைக் கேளுங்க."

தலைவராக உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் குடித்தார். "அது வேற விஷயங்க. அதைத் தனியாப் பார்த்துக்கறோம்" என்றார்.

தனியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த மனிதத் தவறு என்று முடித்தார்கள். கல்லூரி வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்பே அண்ணன் ராஜினாமா செய்தார்.

கட்டு அவிழ்த்த பிறகு கணவரை அழைத்துக்கொண்டு கோட்டைமேட்டில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் அவர் காதும் தாடியின் ஓரமும் தெரிந்தன, நடுவே முகம் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

"அண்ணா, அது உங்க தப்பில்லீங்க. சுவிட்சைக் கட்டிப்போட்டிருந்தாங்க."

"தெரியும்மா. சொன்னாங்க." தரையைப் பார்த்தபடி பேசினார். "ஆனா பட்டனை அமுக்கினது என் விரலு. நீங்க வெளிய வந்துட்டீங்களான்னு இன்னொருக்கா கேட்டிருக்கலாம். ஒருக்காக் கேட்டா என்ன ஆயிருக்கும்?"

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். டம்ளரை வாங்கக் கை நீட்டினேன், தூரம் பிடிபடவில்லை, விரல் காற்றில் போய் நின்றது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் லேசர் இயந்திரத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பலமுறை அழைத்தேன், எடுக்கவில்லை. பெருநாளைக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினால், படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழும், அவ்வளவுதான்.

திட்டமும் நிலைக்கவில்லை. நிதி நின்ற பிறகு பேராசிரியை ஓய்வு பெற்றுப்போனார். தொலைநோக்கியைக் கழற்றி எங்கோ கொண்டுபோனார்கள். கூண்டில் இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் வேறு நாட்டு நிலையங்கள் அளந்து அனுப்பும் தூரங்களைக் கணினியில் வைத்து ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைபடத்தில் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் வலது கண்ணை மூடிக்கொள்கிறேன். சாலையைக் கடக்கும்போது கணவர் என் வலது பக்கம் வந்து நின்றுகொள்கிறார்.