ரோட்டைத் தாண்டாத இசைத்தட்டு

"...கிட்ட நின்னு கேட்டா எல்லாத் தட்டும் நல்லாத்தான் இருக்கும், அண்ணாச்சி. தூரத்துலதான் வண்டவாளம் தெரியும்" என்கிறார் மைக்செட் கடை முருகையா. தட்டு கடைக்குள் சுற்றுகிறது. அவரோ ரோட்டுக்கு இந்தப் பக்கம், டீக்கடை வாசலில் என்னோடு நிற்கிறார். கோவில்பட்டியில் என்னுடைய பசுவந்தனை பஸ் இன்னும் வரவில்லை.

பெஞ்சில் இருப்பவர் அவருடைய அத்தான், கப்பல்காரர். தான் கொடுத்துவைத்திருந்த ஜாஸ் தட்டுகளை மெட்ராஸுக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார். எல்லாம் ஒரே அமெரிக்கக் கம்பெனி போட்டவை. முருகையாவுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போவாராம்.

வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து டிரம்பெட் சத்தம் சந்தை வரைக்கும் போகிறது. முருகையா ஓடிப்போய் வேறு தட்டு வைத்துவிட்டு வருகிறார். அதில் யாரோ தடித்த தந்தியை மெதுவாக மீட்டுகிறார்கள். தீப்பெட்டி லாரி கடக்கிறது. அந்தச் சத்தத்தில் தந்தி காணாமல் போகிறது.

"டிரம்பெட்ட வச்சுக்கோ மாப்ள, கல்யாண வீட்டுக்கு ஆகும்."

"கல்யாண வீட்டுக்குச் சினிமாத் தட்டு ஏகப்பட்டது கெடக்கு. ஊருக்கே கேக்குறத நீங்க கொண்டு போங்க, அத்தான்."

முருகையா ரோட்டைக் கடக்கிறார். குழாய்க்குப் போகும் வயரைப் பிடுங்குகிறார். தந்தித் தட்டை முதலிலிருந்து வைத்து, கடைக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்.